வெள்ளெலி எந்த எலி?

இந்த எபிசோடு ஒரு செல்லப்பிராணிக் கடையில ஆரம்பிச்சது. அக்கா பையனுக்குப் பிறந்தநாள். கூட்டிட்டுப் போயிருந்தேன். கண்ணாடித் தொட்டியில, மரத்தூளுக்குள்ள, பந்து மாதிரி சுருண்டு ஒரு குட்டிப் பிராணி. வால் இருக்கான்னே தெரியல. "இது என்ன மாமா?"ன்னு கேட்டான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கடைக்காரர் முந்திக்கிட்டார்: "ஹாம்ஸ்டர் தம்பி. தமிழ்ல வெள்ளெலி."

எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்தது. ஏன்னா எங்க தாத்தா கடலைக் காட்டுல காட்டின வெள்ளெலி இது இல்லை. கல்லூரியில விலங்கியல் படிச்ச நண்பனைக் கேட்டேன். அவன், "லேப்ல இருக்குமே, சிவப்புக் கண்ணோட வெள்ளையா, அதுதானே?"ன்னான். ஆக ஒரே பெயர், மூணு பிராணி. ஒண்ணு கடையில, ஒண்ணு ஆய்வகத்துல, ஒண்ணு காட்டுல. இதுல அந்தப் பெயருக்கு உண்மையான சொந்தக்காரர் யாருன்னு தேடப் போய், ஆற்காட்டுக்கும் சிரியாவுக்கும் பம்பாய்க்கும் ஓசூருக்கும் போக வேண்டியதாப் போச்சு.

முதல்ல காட்டு வெள்ளெலியை அறிமுகப்படுத்திடுறேன். முதுகு மணல் கலந்த பழுப்பு. வயிறு மட்டும் பளிச்னு வெள்ளை. கண்கள் பெருசா, கறுப்பா, பளபளன்னு இருக்கும். பின்னங்கால்கள் நீளம், அவசரம்னா தாவித் தாவி ஓடும். வால் உடம்பைவிட நீளம். அந்த வால் நுனியில ஒரு கறுப்புக் குஞ்சம் இருக்கும். அதை ஒருமுறை பார்த்துட்டா அப்புறம் வேற எந்த எலியோடும் குழப்பிக்க மாட்டீங்க. பகல்ல வளைக்குள்ள இருக்கும், ராத்திரிதான் வெளியே வரும். ஒரு வளைக்குப் பல வாசல். அதுல சில வாசலை உள்ளேயிருந்து லேசா மண் போட்டு மூடி வைச்சிருக்கும். நீங்க இந்தப் பக்கம் தோண்டினா, அது அந்தப் பக்கம் மண்ணை முட்டிக்கிட்டுப் பாய்ஞ்சு போயிடும்.

ஆங்கிலத்துல இதுக்கு இந்தியன் கெர்பில்னு பேர். அறிவியல் பெயர் டாட்டெரா இண்டிகா. இந்தியாவுல இன்னும் சில கெர்பில் இனங்கள் உண்டு. ஆனா அதெல்லாம் ராஜஸ்தான், குஜராத் பக்கத்து மணல் நிலத்துக்காரங்க. தெற்கே நமக்கு வாய்ச்ச ஒரே கெர்பில் இதுதான். வெளிநாட்டு வீடியோக்கள்ல மடியில வைச்சுக் கொஞ்சுற கெர்பில் மங்கோலியாவுலேர்ந்து வந்த வேறொரு பேரினம். அதைப் பத்தி இன்னைக்குப் பேசப்போறதில்லை.

சரி, 'வெள்ளெலி'ன்ற சொல் எவ்வளவு பழசு? சங்க இலக்கியத்திலேயே இருக்கு. அகநானூறு 133-ஆவது பாட்டு, உறையூர் மருத்துவன் தாமோதரனார் பாடினது. செம்மண்ணும் பரல் கல்லுமா இருக்கிற மேட்டு நிலத்துல ஒரு ஆண் வெள்ளெலி மண்ணைக் கிளறிப் போட்டிருக்கு, அந்தப் புழுதி மேல வேங்கைப் பூ உதிர்ந்து கோலம் போட்ட மாதிரி கிடக்குதுன்னு ஒரு காட்சி. எலியின் கண்ணுக்குக் குன்றிமணியை உவமை சொல்றார். இதை வைச்சு, "பாருங்க, சிவப்புக் கண், வெள்ளை உடம்பு, அப்போ இது லேப் எலி மாதிரி வெளிறின எலிதான்"னு வாதாடலாம். எனக்கு ஒப்பலை. அதே மூச்சுல அந்த எலிக்கு நிறம் படிஞ்ச மயிர்னும் அவர் சொல்றார். முழு வெள்ளையா இருந்தா நிறத்தைப் பத்தி ஏன் பேசணும்? குன்றிமணியோட உருட்சியையும் மினுமினுப்பையும்தான் அவர் சொல்றார்னு நான் வாசிக்கிறேன். வறண்ட நிலம், பரல் மேடு, கிளறின மண், மெல்லிய கால், நிறமுள்ள மயிர், ஆனா பேர் மட்டும் வெள்ளெலி. நம்ம கெர்பிலுக்கு இது அச்சு அசலாப் பொருந்துது. புலவர் மருத்துவர் வேற. உத்துப் பார்க்கிற கண் இருந்திருக்கு.

இப்போ 1807-க்கு வருவோம். லண்டன்ல லின்னேயன் சங்கத்தின் இதழ்ல தாமஸ் ஹார்ட்விக்னு ஒரு கம்பெனிப் படை அதிகாரி கட்டுரை எழுதுறார். காசிப் பக்கம் கிடைக்கிற ஒரு புது விலங்கைப் பத்தி. அவர் வைச்ச பேர் டைபஸ் இண்டிகஸ். டைபஸ்னா ஜெர்போவா, அதாவது பாலைவனத்துல கங்காரு மாதிரி ரெண்டு கால்ல குதிச்சுப் போகுமே, அந்தப் பிராணி. பின்னங்கால் நீளமா இருக்கு, வால்ல குஞ்சம் இருக்கு, தாவுது, அதனால ஜெர்போவாதான்னு அவர் முடிவு கட்டிட்டார். தப்பு. ஜெர்போவா வேற குடும்பம். ஆனா 'இண்டிகா'ன்ற பின்பாதி மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஒட்டிக்கிட்டு நிக்குது.

இந்த ஹார்ட்விக் பத்தி ஒரு கொசுறு. அவர் காசிப் பக்கம் போறதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ப் பக்கம் வந்தவர். கடலூர் முற்றுகையில சண்டை போட்டிருக்கார். திப்பு சுல்தானுக்கு எதிரான போர்ல சத்தியமங்கலத்துல காயம்பட்டிருக்கார். ரெண்டுமே வெள்ளெலி நாடு. ராத்திரி அவர் கூடாரத்தைச் சுத்தி அது ஓடியிருக்கவும் வாய்ப்புண்டு. பீரங்கிக்காரருக்கு அப்போ எலியைக் கவனிக்க ஏது நேரம்!

அடுத்த ஆள் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ். லண்டன் விலங்கியல் சங்கத்து அருங்காட்சியகத்துல வேலை பார்த்தவர். டார்வின் பீகிள் கப்பல்ல கொண்டுவந்த பாலூட்டிகளை ஆராய்ஞ்சவரும் இவர்தான். 1838-ல அவர் கைக்கு ஒரு கெர்பில் வருது. எங்கேயிருந்து? ஆற்காட்டுலேர்ந்து. பிரியாணிக்குப் பேர்போன அதே ஆற்காடு. அதுக்கு அவர் கெர்பில்லஸ் குவியெரின்னு பேர் வைக்கிறார். தென்னிந்திய வெள்ளெலிக்குக் கிளையினப் பெயரா 'குவியெரி' இன்னும் புழக்கத்துல இருக்கு.

சரியா அடுத்த வருஷம், 1839-ல, அதே வாட்டர்ஹவுஸ் இன்னொரு பிராணியை உலகத்துக்கு அறிமுகப்படுத்துறார். சிரியாவின் அலெப்போவுலேர்ந்து வந்த பொன்னிற ஹாம்ஸ்டர்! அதுக்கப்புறம் பல வருஷம் அதைப் பெருசா யாரும் சீண்டல. 1930-ல இஸ்ரேல் அஹரோனின்னு ஒரு விலங்கியலாளர் அலெப்போ பக்கம் ஒரு வயலைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் பிடிச்சுட்டு வந்தார். இன்னைக்குக் கடைகள்ல விக்கிற பொன்னிற ஹாம்ஸ்டர்கள் அநேகமா எல்லாமே அந்த ஒரு குடும்பத்தோட வாரிசுகள். ஆக, நம்ம கடைக்காரர் எந்த ரெண்டு பிராணியை ஒண்ணாக்கினாரோ, அந்த ரெண்டையும் அடுத்தடுத்த வருஷத்துல தனித்தனியா எழுதி வைச்சது ஒரே கை. எனக்கு இதைப் படிச்சப்போ சிரிப்பு தாங்கல.

இந்தப் பெரிய மனுஷங்க எல்லாருக்கும் எலியைப் பிடிச்சுக் குடுத்தது யாருன்னு ஒரு கேள்வி வரும், இல்லையா? அதுக்கு ஓரளவு பதில் சொல்றது வால்டர் எலியட்டும் ஜெர்டனும். வால்டர் எலியட் சென்னை மாகாண அதிகாரி. 1839-ல தார்வாட் பக்கத்துப் பாலூட்டிகளுக்குப் பட்டியல் போட்டவர். (பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் இவர் பேர்ல இல்ல, அது வேற எலியட்.) ஜெர்டன் படை மருத்துவர். 1867-ல இந்தியப் பாலூட்டிகள் பத்திப் பெரிய புத்தகம் எழுதினார். இவங்க எழுத்துல ஒரு நல்ல பழக்கம் இருக்கு: ஊர்ப் பெயர்களைக் குறிச்சு வைப்பாங்க, எந்த மக்கள் அப்படிக் கூப்பிடுறாங்கன்றதையும் சேர்த்து. நம்ம கெர்பிலுக்கு இந்தியில 'ஹர்னா மூஸ்', மான் எலி. தாவுறதைப் பார்த்து வைச்ச பேர், அழகா இருக்குல்ல? ஆங்கிலேயர்களும் அதை அப்படியே மொழிபெயர்த்து வைச்சுக்கிட்டாங்க. யானாதிகள் சொன்னது 'தெல் எல்க'. தெலுங்கு தெரிஞ்சவங்களுக்கு உடனே பிடிபடும், 'தெல்ல'ன்னா வெள்ளை. அதாவது வெள்ளெலியேதான். ஒட்டர்கள் சொன்னது 'யெரி எல்க'. அது 'எர்ர', அதாவது சிவப்பா இருக்கலாம்ன்றது என் ஊகம். அப்படின்னா ஒரு சமூகம் முதுகைப் பார்த்துப் பேர் வைச்சிருக்கு, இன்னொண்ணு வயிற்றைப் பார்த்து.

கவனிங்க, வயிறு வெள்ளைன்னு சும்மா தூரத்துலேர்ந்து பார்த்தாத் தெரியாது. எலியைக் கையில பிடிச்சுப் புரட்டிப் பார்க்கணும். வளையைத் தோண்டி, சாப்பாட்டுக்காகப் பிடிச்சு, தினமும் அதோட புழங்கினவங்க வைச்ச பேர் அது. தமிழ்நாட்டுல இருளர்களும் அப்படித்தான். வயல்ல ஒரு வளை வாசலைப் பார்த்தே இது பெருச்சாளி, இது புல்லெலி, இது வெள்ளெலின்னு பிரிச்சுச் சொல்றவங்க. புத்தகங்கள்ல அவங்க பேர் தனி ஆளா வராது. வந்தா ஒரு சாதிப் பெயர், பக்கத்துல ஒரு எலிப் பெயர், அவ்வளவுதான்.

அறிஞர்கள் பக்கம் குழப்பம் அதோட தீரல. 1882-ல லதாஸ்த்ன்ற பிரெஞ்சுக்காரர் இதைத் தனியாப் பிரிச்சு 'டாட்டெரா'ன்னு புதுப் பேரினம் அமைச்சார். அப்புறம் ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த கெர்பில்கள் பலதையும் இதே பேரினத்துல சேர்த்துக்கிட்டே போனாங்க. இன்னொரு பக்கம், பம்பாய் வனத்துறையில வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராட்டன், 1906-ல ஆசிய எலிகளையே ஊருக்கு ஒண்ணாப் பிரிச்சுப் பேர் வைச்சார். இலங்கை எலிக்கு 'சிலோனிகா', ஈரான் எலிக்கு 'பெர்சிகா'ன்னு. 1951-ல எல்லர்மனும் மாரிசன்-ஸ்காட்டும் வெளியிட்ட பட்டியல்ல இதெல்லாம் மறுபடி ஒரே இனத்துக்குள்ள வந்துடுச்சு. அப்புறம் கடந்த சில பத்தாண்டுகள்ல குரோமோசோம், டி.என்.ஏ. எல்லாம் பார்த்து, ஆப்பிரிக்க உறவினர்களைக் கெர்பில்லிஸ்கஸ்னு தனிப் பேரினத்துக்கு அனுப்பிட்டாங்க. இப்போ டாட்டெரா பேரினத்துல மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு இனம். பெரிய கூட்டுக் குடும்பத்துல எல்லாரும் தனிக்குடித்தனம் போய், பாட்டி மட்டும் பழைய வீட்டுல இருக்கிற மாதிரி.

தனி ஆளுன்னாலும் வீடு பெருசு. தென்கிழக்குத் துருக்கி, சிரியா, ஈராக், குவைத், ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், கடைசியில இலங்கையோட வறண்ட பகுதிகள். அலெப்போ ஹாம்ஸ்டரோட சொந்த நாட்டுலேயும் நம்ம வெள்ளெலி உண்டு! ஈரமான அடர்காடு மட்டும் இதுக்குப் பிடிக்காது. வறண்ட மேடு, முள்ளுக்காடு, மானாவாரி வயல், கடலைக் காடு இருந்தாப் போதும்.

வகைப்பாட்டையும் சொல்லிடுறேன். எலி, சுண்டெலி இருக்கிற மியூரிடே குடும்பம்தான் கெர்பிலுக்கும். ஆனா அதுக்குள்ள தனித் துணைக்குடும்பம். அதனால எலிக்கு இது பங்காளி முறை. ஹாம்ஸ்டர் வேற குடும்பமே. கடைக்காரர் சொன்ன உறவு தூரத்து உறவுதான்.

இதுவரைக்கும் பேர் சண்டை. 'ஒரு எலிக்கு எந்தப் பேர் இருந்தா என்ன?'ன்னு நீங்க கேட்கலாம். இனிமே சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

1896-ல பம்பாய்க்கு பிளேக் வந்தது. அடுத்த ஐம்பது வருஷத்துல இந்தியாவுல 1.2 கோடிக்கும் மேற்பட்ட உயிர் போச்சு. கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன்னு கோயிலே உண்டு, அந்த நாள் பயத்தை நினைச்சுப் பாருங்க. 1898-ல கராச்சியில பால்-லூயி சீமோன், எலியிலேர்ந்து தெள்ளுப்பூச்சி வழியா நோய் பரவுதுன்னு கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் எல்லார் கவனமும் வீட்டெலி மேல போச்சு. நியாயம்தான், மனுஷனோட படுத்துத் தூங்கறது அதுதானே. ஆனா ஒரு புதிர் பாக்கி. பிளேக் வந்தா வீட்டெலிகள் கொத்துக் கொத்தா விழுந்து சாகும். நோயும் அடங்கிடும். அப்புறம் சில வருஷம் கழிச்சு அதே வட்டாரத்துல திரும்ப வரும். நடுவுல அது எங்கே போய் ஒளிஞ்சிருக்கு?

இதுக்கு ஒரு பதில் ஈரான்லேர்ந்து வந்தது. அங்கே பாஸ்டர் நிறுவனத்தை நடத்தின மார்செல் பல்தசார், குர்திஸ்தான் மலைக் கிராமங்கள்ல பிளேக்கைத் துரத்தித் துரத்திப் போனவர். அங்கே காட்டு கெர்பில்கள்ல சில இனங்கள் நோய்க்கிருமி ஏறினாலும் எளிதில் சாகாதுன்னு அவர் குழு பார்த்தது. கிருமி வளைக்குள்ளேயே தங்கிடும். அவரும் அவரோட வேலை செஞ்ச பஹ்மன்யாரும் இந்தியாவுக்கு வந்து ஆராய்ஞ்சு, 1960-ல உலக சுகாதார நிறுவனத்தின் இதழ்ல நீளமா ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க விரல் காட்டினது டாட்டெரா இண்டிகாவை. ஊருக்கு வெளியே, வயல் வரப்புல, யாரும் பொருட்படுத்தாத மான் எலியை.

வழி இப்படித்தான்: வெள்ளெலி வளை, உள்ளே தெள்ளுப்பூச்சி. வளைக்குள்ள வெப்பமும் ஈரமும் ஒரே சீரா இருக்கும், பூச்சிக்கு அது ஏ.சி. அறை மாதிரி. அதே வயலுக்கு வேற எலிகளும் வரும், பூச்சி அதுகளுக்கு மாறும். அந்த எலி களத்துக்கு வரும், களத்துலேர்ந்து வீட்டுக்கு. இதனாலதான் பிளேக் சந்தேகம் இருக்கிற இடத்துல முதல்ல எலியைக் கொல்லக் கூடாது. முதல்ல பூச்சியை ஒழிக்கணும். எலி செத்தா பூச்சி பட்டினி கிடக்காது, அடுத்த சூடான உடம்பைத் தேடும். அது நாமளா இருக்கலாம்.

1966-ல கோலார் மாவட்டம் முல்பாகலில் ஒரு நோயாளிக்கு பிளேக் உறுதியானது. அதுக்கப்புறம் இந்தியாவுல 28 வருஷம் மௌனம். முல்பாகல் எங்கே இருக்குன்னு வரைபடத்துல பாருங்க. கர்நாடகா, ஆந்திரா, தமிழ்நாடு மூணும் சந்திக்கிற இடத்துக்குப் பக்கம். கோலார், சித்தூர், ஓசூர். இந்த முக்கோணத்துல இன்னைக்கும் எலிகளைக் கண்காணிக்கிறாங்க. பெங்களூருல இதுக்காக மத்திய அரசின் தனிப் பிரிவு இருக்கு. நம்ம மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையோட விலங்குவழி நோய்களுக்கான நிறுவனம் இருக்கிறது ஓசூர்ல. எலியைப் பொறி வைச்சுப் பிடிப்பாங்க, மயிரைச் சீவித் தெள்ளுப்பூச்சியை எண்ணுவாங்க, ரத்தத்துல பிளேக்குக்கான எதிர்ப்பொருள் இருக்கான்னு பார்ப்பாங்க. தெரு நாய் ரத்தத்தையும் எடுப்பாங்க. நாய் எலியைத் தின்னும், பெரும்பாலும் சாகாது, ஆனா ரத்தம் காட்டிக் குடுத்துடும். இந்த வட்டாரத்துக் காட்டு எலிகள்ல தடயம் கிடைச்சும் இருக்கு.

1994 செப்டம்பர்ல சூரத். அதுக்கு முன்னாடி மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம். பல லட்சம் பேர் ரயில்லயும் பஸ்லயும் சூரத்தை விட்டு ஓடினாங்க. செத்தவங்க எண்ணிக்கை 50-ஐ ஒட்டித்தான், பயம் மட்டும் உலகம் முழுக்கப் போச்சு. இன்னைக்கு பிளேக்குக்குச் சாதாரண ஆன்டிபயாடிக் போதும், சீக்கிரம் கண்டுபிடிச்சா. இந்தச் 'சீக்கிரம்'தான் சிக்கல். வயல்ல எலி காரணமில்லாம செத்துக் கிடந்தா, அதை முதல்ல பார்க்கப்போறது டாக்டர் இல்லை. ஆடு மேய்க்கிறவங்க, களை எடுக்கிறவங்க, எலி பிடிக்கிறவங்க. "எலி செத்துக் கிடக்கு"ன்னு சொல்றதுக்கும் "வெள்ளெலி செத்துக் கிடக்கு"ன்னு சொல்றதுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு. வீட்டெலி செத்தா யாரோ மருந்து வைச்சிருக்கலாம். மேட்டுக் காட்டுல நாலஞ்சு வெள்ளெலி ஒண்ணா விழுந்தா, அன்னைக்கே ஓசூருக்கு ஒரு போன் போகணும். அந்த போன்ல பேசறவருக்கும் கேக்கிறவருக்கும் வெள்ளெலின்னா ஹாம்ஸ்டர்னு மனசுல பதிஞ்சிருந்தா என்ன ஆகும்?

இதனால வெள்ளெலியைப் பார்த்துப் பயப்படச் சொல்லல. அது பாட்டுக்கு விதையும் புல்லும் பூச்சியும் தின்னுக்கிட்டு வாழுது. ஆந்தைக்கும் நரிக்கும் பாம்புக்கும் சாப்பாடு ஆகுது. அழிவு அபாயப் பட்டியல்லயும் அது இல்லை. வளைக்குள்ள கைவிடாம இருந்தா போதும்.

பையன் விஷயத்துக்கு வர்றேன். அந்த ஹாம்ஸ்டரை வாங்கித்தான் குடுத்தேன், வேற வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆற்காடு, அலெப்போ கதை எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, அதுக்கு 'அலெப்போ'ன்னு பேர் வைச்சுட்டான். அப்புறம், "நிஜ வெள்ளெலியை எப்போ காட்டுவ?"ன்னான். பங்குனிக் கடைசியில தாத்தா ஊருக்குப் போறோம். டார்ச் வாங்கியாச்சு. வால் குஞ்சம் கண்ணுல பட்டா அடுத்த எபிசோடுல சொல்றேன்.